எல்லாருக்கும் ஒரே தண்டமா? வருமானமும் தண்டப்பணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சாரதிப் பயிற்சி கொடுப்பவனிடம் ஸ்டேரிங் பற்றிக் கேட்பதைவிடத் தண்டம் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். பாதிப் பேருக்குச் சுவிஸிலோ நோர்வேயிலோ ஒரு மாமா இருப்பார். அவர் அனுப்பிய கதையும் பேஸ்புக்கில் பார்த்த கதையும் ஒன்றாகக் கலந்து கேள்வியாக வந்து விழும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

வெளிநாட்டிலை சம்பளத்தைப் பாத்துத்தான் தண்டம் போடுவினமாமே, மெய்யே மாஸ்டர்?

சில நாடுகளில் மெய். எல்லா இடத்திலும் இல்லை. அந்த நாடுகளிலும் எல்லாக் குற்றத்துக்கும் இல்லை. பின்லாந்து 1921 இல் இந்த முறையைத் தொடங்கியது. பிறகு சுவீடன் 1931 இலும் டென்மார்க் 1939 இலும் எடுத்துக்கொண்டன. ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் 1975 இல் வந்து சேர்ந்தன. பிரான்சில் 1983 இல் வந்தது, சுவிஸில் 2007 இல்.

இலங்கை, இந்தியா, கனடா போன்ற நாடுகளில் சட்டம் ஒரு தொகையையோ கீழ் மேல் எல்லைகளையோ சொல்லிவிடும். கட்டுகிறவர் யாரென்று அது பார்ப்பதில்லை.

நாள் தண்டம் எண்டால் என்ன? நாளுக்கு இவ்வளவு எண்டு வாடகை மாதிரியோ?

இல்லை. தண்டத்தை இரண்டு எண்களாகப் பிரிப்பார்கள். முதலாவது, எத்தனை நாள் என்பது. அதைக் குற்றத்தின் கனத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பார்கள். ஏழைக்கும் பணக்காரனுக்கும் இந்த எண் ஒன்றுதான். இரண்டாவது, ஒரு நாளுக்கு எவ்வளவு காசு என்பது. அதை ஆளின் வருமானத்தைப் பார்த்துப் போடுவார்கள். இரண்டையும் பெருக்கினால் தண்டம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், குற்றத்தின் அளவு காசுக்குள் ஒளிந்துவிடாமல் தனியே நிற்பது. ஜேர்மனியில் முதல் தடவை தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு 90 நாள் வரையான தண்டம் என்றால், வேலைக்குக் கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழில் அது பொதுவாக வராது. அதற்கு மேலே போனால் வரும். எத்தனை யூரோ கட்டினார் என்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை, எத்தனை நாள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். 900 யூரோ கட்டியவரும் 90,000 யூரோ கட்டியவரும் ஒரே அளவு குற்றவாளிகளாக இருக்கலாம்.

கணக்கை ஒருக்காச் செய்து காட்டுங்கோவன்.

பின்லாந்துக் கணக்கு சுலபமானது. வரி போக மாதம் கையில் வருவதிலிருந்து 255 யூரோவைக் கழிப்பார்கள். அது உயிர் வாழத் தேவையான காசு, அதைத் தொட மாட்டார்கள். மிச்சத்தை 60 ஆல் பிரிப்பார்கள். அதாவது, ஒரு நாள் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி. அவரை நம்பி வாழும் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 3 யூரோ குறையும்.

மாதம் 2,000 யூரோ எடுப்பவர் என்றால் 1,745 ஐ 60 ஆல் பிரிக்க 29 யூரோ. 12 நாள் தண்டம் விழுந்தால் 348 யூரோ. அதே குற்றத்துக்கு மாதம் 20,000 எடுப்பவர் நாளுக்கு 329 யூரோப்படி 3,948 யூரோ கட்ட வேண்டும். முதலாமவருக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தால் நாளுக்கு 23 ஆகி, 276 யூரோவோடு முடியும்.

ஜேர்மனியில் மாத வருமானத்தை 30 ஆல் பிரிப்பார்கள். நாளுக்கு ஆகக் குறைந்தது 1 யூரோ, ஆகக் கூடியது 30,000 யூரோ. மேல் எல்லை 2009 வரை 5,000 ஆக இருந்தது. கோடீஸ்வரர்களுக்கு அது போதாது என்று பிறகுதான் கூட்டினார்கள்.

ஒரு ஆளுக்கு வேகமா ஓடினதுக்கு ஒரு இலட்சம் யூரோ தண்டம் எண்டு வந்தது. உண்மையோ, பேஸ்புக் கதையோ?

உண்மை. 2023 இல் பின்லாந்தின் ஓலண்ட் தீவில் அன்டர்ஸ் விக்லொவ் என்ற தொழிலதிபர் 50 வலயத்தில் 82 இல் போய் 1,21,000 யூரோ கட்ட வேண்டி வந்தது. அவருக்கு இது முதல் தடவையும் இல்லை. 2004 இல் யூஸ்ஸி சலோனோயா என்பவர் 40 வலயத்தில் 80 இல் போனதற்கு 1,70,000 யூரோ. சொசேஜ் விற்கும் குடும்பத்துப் பிள்ளை. சுவிஸில் 2010 இல், திரும்பத் திரும்ப வேகமாக ஓடிய ஒரு பெராரிக்காரருக்குச் சுமார் 3 இலட்சம் பிராங் விழுந்தது.

ஆனால் இந்தச் செய்திகளின் வால் எங்கள் பக்கம் வந்து சேர்வதில்லை. நோக்கியாவின் பெரிய அதிகாரியாக இருந்த அன்சி வன்யொகிக்கு 2002 இல் 1,16,000 யூரோ விதித்தார்கள். அவர் நீதிமன்றம் போனார். கணக்கில் எடுத்த வருடத்தில் அவருக்குப் பங்கு விற்ற காசு வந்திருந்தது, பிறகு வருமானம் நன்றாக இறங்கிவிட்டது. தண்டமும் பெருமளவு குறைக்கப்பட்டது. அங்கே வருமானம் கூடினால் தண்டம் கூடுவது போலவே குறைந்தால் குறையவும் வேண்டும்.

என்ரை தங்கச்சி சூரிச்சிலை. அவ 40 பிராங்தான் கட்டினவ, சம்பளம் ஒருத்தரும் கேக்கேல்லை. அப்ப பொய்தானே?

தங்கச்சி கட்டியது சின்னக் குற்றத்துக்கான நிலைத்த தண்டம். சுவிஸில் ஊர் எல்லைக்குள் 5 கிலோமீற்றர் வரை கூடினால் 40 பிராங், 6 முதல் 10 வரை 120, 11 முதல் 15 வரை 250. கடைக்காரனுக்கும் வங்கி முதலாளிக்கும் இதே விலைதான். இதற்கு மேல் போனால் விஷயம் வழக்காகும். கடுமையான குற்றம் என்றானால்தான் நாள் தண்டம் வரும். அதையும் முதல் தடவை பெரும்பாலும் ஒத்திவைத்து, கூடவே ஒரு தொகையை உடனே கட்டச் சொல்வார்கள்.

ஜேர்மனியில் சாதாரண வேகத் தண்டம் அட்டவணைப்படிதான். குடித்துவிட்டு ஓடுவது, அடித்துவிட்டு ஓடுவது போன்றவை குற்றவியல் வழக்காகும்போது நாள் தண்டம் வரும். பின்லாந்தில்கூட எல்லையை 20 கிலோமீற்றருக்கு மேல் தாண்டினால்தான்.

நோர்வே வேறு மாதிரி. அங்கே இந்த நாள் கணக்கு இல்லை, வேகத்துக்கு எல்லாருக்கும் ஒரே கடும் தொகை. ஆனால் குடித்துவிட்டு ஓடினால் வழமையாக ஏறத்தாழ ஒன்றரை மாதச் சம்பளத்தைத் தண்டமாகப் போடுவார்கள். ஒஸ்லோ மாமா விருந்தில் ஒரு பியரைக்கூடத் தொடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலண்டனிலை எப்பிடி?

கமராவில் பிடிபட்டு அனுப்பும் கடிதம் என்றால் 100 பவுண்ஸ், கூடவே லைசன்ஸில் மூன்று தண்டப் புள்ளி. நீதிமன்றம் வரை போனால் வாராந்த வருமானத்தில் பாதி, முழுதாக ஒரு வாரம், ஒன்றரை வாரம் என்று குற்றத்துக்குத் தக்கபடி மூன்று படி. ஆனால் வேகத்துக்கு மேல் எல்லை 1,000 பவுண்ஸ், மோட்டர்வேயில் 2,500. பெரிய பணக்காரனுக்கு அந்த எல்லைதான் குடை.

இங்கிலாந்து ஒருகாலத்தில் முழுசாகவே இந்த முறைக்குப் போய்ப் பார்த்தது. 1992 ஒக்டோபரில் தொடங்கி, அடுத்த வருடமே கைவிட்டார்கள். சிப்ஸ் பைக்கற் ஒன்றைத் தெருவில் போட்ட ஒருவருக்கு 1,200 பவுண்ஸ் என்று பத்திரிகைகள் கத்தின. அவர் வருமான விவரம் கொடுக்காததால் உச்ச விகிதத்தைப் போட்டிருந்தார்கள். விவரம் கொடுத்த பிறகு அது 48 பவுண்ஸ் ஆனது. ஆனால் 48 இற்கு யார் தலைப்புப் போடுவார்கள்? முறை நல்லதாக இருந்தாலும் படிவம் சரியில்லாவிட்டால் அதுவே முறையைக் கொன்றுவிடும்.

கனடா?

நாள் தண்டம் இல்லை. அங்கே புள்ளியும், அதைப் பார்த்து ஏறும் இன்சூரன்ஸ் கட்டணமும்தான் ஆளை வாட்டும்.

இங்கை 25,000 எண்டால் எல்லாருக்கும் 25,000. அதுதானே சமம்?

காசு சமம், நாள் சமமில்லை. லைசன்ஸ் இல்லாமல் ஓடுவது, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடுவது போன்ற சில குற்றங்களுக்கு இப்போது தண்டம் 25,000 ரூபாயில்தான் தொடங்குகிறது. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,000 என்று வையுங்கள். அதை எடுக்கும் பிள்ளைக்கு இந்தத் தண்டம் 25 நாள் வாழ்க்கை. மாதம் 5 இலட்சம் உழைப்பவருக்கு ஒன்றரை நாள்.

அவருக்கும் 25 நாள் வலிக்க வேண்டுமென்றால் தண்டம் 4 இலட்சத்து 16 ஆயிரத்துக்கு மேல் வரவேண்டும். பிள்ளைக்கும் ஒன்றரை நாள் போதுமென்றால் 1,500 ரூபாய் போதும். இரண்டில் எது நியாயம் என்று கேட்டால், இரண்டுமில்லை, நடுவில் எங்கோ இருக்கிறது என்பேன். ஆனால் இப்போது இருப்பதைச் சமம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொரு விஷயம், கீழ் எல்லை. மேல் எல்லை மட்டும் இருந்தால் நீதவான் ஆளைப் பார்த்துக் குறைக்கலாம். கீழ் எல்லையைச் சட்டமே உயரமாக வைத்துவிட்டால், எதிரே நிற்பவர் பழைய செருப்போடு நின்றாலும் குறைக்க இடமில்லை.

ஸ்பொட் பைன் சின்னக் காசுதானே. அதுக்கேன் இவ்வளவு கதை?

தாளில் உள்ள காசு சின்னதுதான். நெடுந்தீவிலிருந்து ஒரு வேலையாக யாழ்ப்பாணம் வந்து, வேம்படிச் சந்தியில் மறிபட்ட ஒருவரை எடுங்கள். பொலிஸ் லைசன்ஸை வாங்கிக்கொண்டு ஒரு தாள் கொடுக்கும். 14 நாளுக்கு அந்தத் தாள்தான் லைசன்ஸ். தபாற்கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு, மறித்த பொலிஸ் நிலையத்துக்கே திரும்பப் போய் லைசன்ஸை வாங்க வேண்டும். அன்று பின்னேரமாகி, தபாற்கந்தோர் பூட்டியிருந்தால், இன்னொரு நாள் படகு, குறிகட்டுவானிலிருந்து பஸ், வரிசை, திரும்பப் படகு. தண்டம் ஆயிரமென்றால் போன நாட்கூலி அதைவிடக் கூட.

14 நாளுக்குள் கட்டாவிட்டால் இரட்டிப்பு. அடுத்த 14 நாளும் போனால் நீதிமன்றம். மாதச் சம்பளக்காரர் கந்தோரில் அரை நாள் லீவு போட்டு முடிப்பதை நாட்கூலிக்காரர் தள்ளித் தள்ளிப் போட்டு இரட்டிப்பாக்குவார். 2025 முதல் கைபேசியில் தண்டம் கட்டும் வசதி படிப்படியாக வருகிறது. உடனே கட்டினால் லைசன்ஸும் உடனே கையில். நல்ல வேலை. ஆனால் வங்கி ஆப் இல்லாதவருக்கு அந்தப் பழைய சுற்றுத்தான். காசு உள்ளவருக்கு முதலில் வசதி வருகிறது.

கட்டக் காசே இல்லாட்டி? மறியலோ?

நீதிமன்றம் போட்ட தண்டம் என்றால், ஆம், மறியல் வரலாம். இலங்கைச் சிறைகளில் தண்டம் கட்ட முடியாமலே உள்ளே இருப்பவர்கள் ஏராளம். 2023 நத்தாருக்கு ஜனாதிபதி 1,004 பேரைப் பொது மன்னிப்பில் விட்டார். தண்டம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்களும் அதில் அடங்குவர். வெசாக்கோ நத்தாரோ வந்தால் இப்படி ஒரு பட்டியல் வரும். நீதிமன்றம் இந்த ஆளுக்குச் சிறை வேண்டாம், காசு போதும் என்றுதான் தீர்த்தது. காசில்லாததால் சிறைக்குப் போனார். பிறகு அவரை வெளியே விட ஜனாதிபதியின் கையெழுத்துத் தேவைப்பட்டது.

நாள் தண்டம் இருக்கும் நாடுகளிலும் இந்தச் சிக்கல் தீரவில்லை. ஜேர்மனியில் கட்டாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சிறை என்று இருந்தது; 2024 முதல் இரண்டு நாளுக்கு ஒரு நாள் என்று பாதியாக்கினார்கள். பின்லாந்தில் மூன்றுக்கு ஒன்று. அமெரிக்காவில், முயன்றும் கட்ட முடியாத ஒருவரை வேறு வழி இருக்கிறதா என்று பார்க்காமல் சிறைக்கு அனுப்பக்கூடாது என்று 1983 இல் உயர் நீதிமன்றம் ஜோர்ஜியா மாநில வழக்கொன்றில் தீர்ப்புச் சொன்னது. இருந்தும் 2015 இல் பெர்கசன் நகரம் பற்றி வந்த நீதித் திணைக்கள அறிக்கை, அந்த ஊர் நிர்வாகம் தண்டப்பணத்தை வருமானமாகவே பார்த்து ஏழைக் கறுப்பின மக்களைப் பிழிந்ததை விரிவாகக் காட்டியது.

பணக்காரன் சம்பளத்தைக் குறைச்சுச் சொன்னால் என்ன செய்வினம்?

பின்லாந்தில் சொல்லத் தேவையில்லை, பொலிஸே வரித் திணைக்களப் பதிவில் பார்த்துவிடும். பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். ஜேர்மனியில் விவரம் கிடைக்காவிட்டால் நீதிபதி மதிப்பிட்டுப் போடலாம். வீடு, கார், வாழும் விதம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்தானே.

சம்பளம் சிறிது, சொத்துப் பெரிது என்ற ஆள்தான் கஷ்டம். பின்லாந்துக் கணக்கு முக்கியமாக வருமானத்தைத்தான் பார்க்கிறது. சுவிஸ் சட்டம் சொத்தையும் வாழ்க்கை முறையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. மேலே சொன்ன பெராரிக்காரர் அப்படித்தான் மாட்டினார்.

அப்ப வேலையில்லாத பெடியனுக்குத் தண்டமே இல்லை. அவன் விரும்பினபடி ஓடலாம், அப்பிடியோ?

பின்லாந்தில் வருமானமே இல்லாவிட்டாலும் நாளுக்கு 6 யூரோ உண்டு. தொகை சிறிதென்றாலும் கையில் ஒன்றுமில்லாதவருக்கு அது சிறிதில்லை. தவிர, லைசன்ஸைப் பறிப்பது காசு பார்க்காது. விக்லொவ் கட்டிய இலட்சத்தோடு பத்து நாள் லைசன்ஸும் போனது. வேலையில்லாதவருக்கும் அது போகும்.

நான் படிச்சு, கஷ்டப்பட்டு உழைக்கிறன். அதே பிழைக்கு எனக்குக் கூடத் தண்டம் எண்டால் உழைப்புக்குத் தண்டனை இல்லையோ?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 82 இல் வரும் கார் அடித்தால் ஓட்டுபவரின் சம்பளத்தைப் பார்த்தா எலும்பு முறியும்? ஆபத்து ஒன்று, ஆகவே விலையும் ஒன்று என்பது ஒரு நேர்மையான வாதம்தான். குப்பை அள்ளும் கட்டணம், வாகனத் தரிப்பிடக் கட்டணம் என்றால் நானும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் தண்டம் கட்டணமில்லை. பள்ளிக்கூட வாசலில் 80 இல் போகும் உரிமையை யாரும் விற்கவில்லை. ஒரே தொகை என்று வைத்தால் அந்தத் தொகை சிலருக்கு விலைச்சீட்டு மாதிரி ஆகிவிடும், கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். சிறைத்தண்டனையை யோசியுங்கள்: ஆறு மாதம் என்றால் எல்லாரும் ஆறு மாதம்தான் இருக்கிறார்கள், பணக்காரருக்குக் கூடவுமில்லை குறைவுமில்லை. நாள் தண்டம் அதே நாட்களைக் காசில் கேட்கிறது. உங்களிடம் கூட எடுக்கவில்லை, அதே பன்னிரண்டு நாளைத்தான் எடுக்கிறது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வருமானத்தின் அதே பங்கு என்றாலும் வலி அப்போதும் ஒன்றில்லை. 2,000 யூரோக்காரர் 348 கட்டினால் ஏதோ ஒரு பில் நிற்கும். 20,000 யூரோக்காரர் 3,948 கட்டினால் வங்கி மீதி கொஞ்சம் மெலியும். முன்பு சொன்ன 255 யூரோக் கழிவு இதைக் கொஞ்சம்தான் சரிசெய்கிறது.

அப்ப ஏன் இதை இங்கை கொண்டு வரேலாது?

முதல் தடை, யாருக்கு எவ்வளவு வருமானம் என்பதே அரசுக்குத் தெரியாது. 2025 ஏப்ரல் முதல் மாதம் 1,50,000 ரூபாய்க்குக் குறைவாக உழைப்பவருக்கு வருமான வரி இல்லை. ஆகவே பெரும்பாலான ஆட்களைப் பற்றி வரிப் பதிவில் உருப்படியாக ஒன்றும் இருக்காது. திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்பவர், மேசன், ஓட்டோக்காரர் எல்லாருக்கும் காசு கையால் வந்து கையால் போகிறது. அதைவிட எங்கள் ஊருக்கென்றே ஒரு வகை உண்டு: ஒரு சதமும் உழைக்காத, ஆனால் கனடாச் சித்தப்பா வாங்கிக் கொடுத்த பைக்கில் பலாலி வீதியில் பறக்கும் பெடியன். அவனுடைய வருமானம் பூச்சியம். பின்லாந்துக் கணக்குப்படி அவன் பரம ஏழை.

இரண்டாவது, வீதியோரத்தில் நின்று "உமக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பேரம் தொடங்கிவிடும்.

ஆகவே நாளைக்கே பின்லாந்து வேண்டாம். கீழ் எல்லையை இறக்கி நீதவானுக்கு இடம் கொடுக்கலாம். தவணைக்குக் கட்டுவதைச் சலுகையாக இல்லாமல் வழமையாக்கலாம். 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. சிறைக்குப் பதிலாக ஊருக்கு வேலை செய்ய வைக்கலாம். மேலே சொன்ன பைக் பெடியனுக்கு எனக்குக் கேட்டால் அதுதான் மருந்து. சித்தப்பா காசு அனுப்பலாம், வாய்க்கால் துப்புரவாக்க ஆள் அனுப்ப முடியாது.

எனக்கு நாளைக்கு மல்லாகம் கோர்ட்டிலை வழக்கு. என்ரை நிலைமையை நீதவானுக்குச் சொல்லலாமோ?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பலர் பெயர் கூப்பிட்டதும் "குற்றவாளி" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். என்ன தொழில், நாளுக்கு எவ்வளவு, எத்தனை பிள்ளைகள், முன்பு ஏதும் வழக்கு இருந்ததா என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். தொழிலையும் குடும்பத்தையும் காட்டும் கிராம அலுவலர் கடிதம் இருந்தால் கொண்டு போங்கள். சட்டம் கீழ் எல்லை வைத்த குற்றமென்றால் அதற்குக் கீழே இறங்காது. அதைக் கேட்டு நேரத்தை வீணாக்காமல் கால அவகாசம் அல்லது தவணை கேளுங்கள். நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். வழக்குக்கு முதல் நாள் போவதைவிட அழைப்பாணை வந்த கிழமையே போவது நல்லது. நாளைக்கு என்றால், காலையிலேயே நேரத்தோடு போய், கையில் இருக்கும் காசு எவ்வளவு, மிச்சத்தை எந்தத் திகதியில் கட்டலாம் என்பதை ஒரு துண்டில் எழுதி வைத்திருங்கள். கேட்டால் உடனே சொல்ல வேணும்.